499 டாலர் விலைச்சீட்டு: ஐபேடை எதிர்த்து இன்னொரு டேப்லெட் நிற்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலிடத்தில் இருக்கும் டேப்லெட்டோடு பின்னால் வரும் ஒன்று போட்டியிட முடியுமா? நேரான விடை உண்டா?

உண்டு, போட்டியிட முடியும். ஆனால் ஐபேடின் விலையையே வைத்து, ஐபேட் செய்யும் வேலையையே நானும் செய்வேன் என்று சொல்லிக்கொண்டு 2010க்கும் 2013க்கும் இடையில் வந்த டேப்லெட்டுகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் காணாமல் போயின. வேறு விலையை வைத்தவையும், ஐபேட் தொடாத வேலையை எடுத்துக்கொண்டவையும் பிழைத்தன. அவற்றுள் சில, ஐபேடே தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அதை நெருக்கின. கீழே உள்ள விடைகள் அனைத்தும் இந்த வேறுபாட்டைப் பற்றியவைதாம்.

ஐபேட் முதலிடத்தைப் பிடித்தது எப்படி? அதற்கு முன் டேப்லெட்டே இருந்ததில்லையா?

இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2002இலேயே டேப்லெட்டுக்கென ஒரு விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பை வெளியிட்டிருந்தது. ஆனால் அந்தக் கருவிகள் மடிக்கணினியின் எடையோடும், மடிக்கணினியையும் மிஞ்சும் விலையோடும் வந்தன. விரலுக்காக அல்லாமல் சுட்டிக்காக வரையப்பட்ட பொத்தான்களைப் பேனா முனையால் தேடித் தேடித் தொட வேண்டியிருந்தது.

ஆப்பிள் 2010 ஜனவரி 27 அன்று ஐபேடை அறிமுகப்படுத்தியபோது அதன் தொடக்க விலை 499 டாலர். அன்றைக்குப் பலரும் எதிர்பார்த்தது அதைப் போல் இரு மடங்கு. ஏப்ரல் 3 அன்று விற்பனை தொடங்கி, 28 நாட்களில் பத்து இலட்சம் கருவிகள் விற்றன. கருவியின் அழகு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணங்கள் கண்ணுக்குத் தெரியாதவை: ஐபோனுக்காக ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த சுமார் 1,40,000 செயலிகள் முதல் நாளிலேயே அதில் இயங்கின, ஐடியூன்ஸ் கடையில் கடன் அட்டை விவரத்தோடு 12.5 கோடிக் கணக்குகள் காத்திருந்தன. சிப்பை ஆப்பிளே வடிவமைத்திருந்தது. திரையையும் நினைவகத்தையும் பெருந்தொகை முன்பணமாகக் கொடுத்து மொத்தமாக வாங்கும் பழக்கம் அந்த நிறுவனத்துக்கு ஐபாட் காலத்திலிருந்தே இருந்தது. ஃபிளாஷ் நினைவகத்துக்காக மட்டும் 2005இல் அது 125 கோடி டாலர் முன்பணம் கொடுத்திருந்தது. ஆகவே 499 என்ற எண்ணை ஆப்பிள் இலாபத்தோடு எழுத முடிந்தது. போட்டியாளர்கள் அதே எண்ணை எழுதியபோது கையைக் கடித்தது.

அதே விலைக்கு இன்னும் நல்ல கருவியைக் கொடுத்தால் போதாதா?

இந்தக் கேள்வியைத்தான் அன்றைய பெரிய நிறுவனங்கள் எல்லாம் தங்களுக்குள் கேட்டுக்கொண்டு, போதும் என்ற விடையையும் தாங்களே சொல்லிக்கொண்டன. விளைவு என்னவென்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

மோட்டோரோலா சூம் 2011 பிப்ரவரியில் வந்தது. டேப்லெட்டுக்காகவே கூகுள் உருவாக்கிய ஆண்ட்ராய்டு 3.0 இயங்குதளத்தைக் கொண்ட முதல் கருவி அது. இரண்டு கேமராக்கள் இருந்தன; இரட்டை மையச் சிப் இருந்தது; நினைவக அட்டைக்கான துளையும் இருந்தது. ஆனால் வாங்கிய அன்று அந்தத் துளையில் அட்டையைச் செருகினால் ஒன்றும் நடக்காது. அதை இயக்கும் மென்பொருள் பின்னர் வரும் என்றார்கள். அமெரிக்காவில் ஒப்பந்தமில்லாமல் வாங்கினால் விலை 799 டாலர். அதே கொள்ளளவும் 3ஜி வசதியும் கொண்ட ஐபேட் 729 டாலருக்குக் கிடைத்தது. பின்னால் வருபவர் கூடுதல் விலை கேட்பதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

பிளாக்பெரி பிளேபுக் 2011 ஏப்ரலில் 499 டாலருக்கு வந்தது. மின்னஞ்சலால் பெயர் பெற்ற நிறுவனத்தின் டேப்லெட்டில் மின்னஞ்சல் செயலி இல்லை. உலாவியில் பார்ப்பதைத் தவிர்த்தால், அதே நிறுவனத்தின் தொலைபேசி ஒன்றை இணைத்தால்தான் அஞ்சலைப் பார்க்க முடியும். அந்தக் குறை 2012 பிப்ரவரியில் தீர்க்கப்பட்டது. அதற்குள், விற்காமல் தேங்கிய பிளேபுக் சரக்குக்காக 48.5 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுத வேண்டிய நிலை நிறுவனத்துக்கு வந்துவிட்டது.

எச்பி டச்பேட் 2011 ஜூலை 1 அன்று வந்தது. அதன் விலையும் 499 டாலர்தான். பாம் நிறுவனத்தை முந்தைய ஆண்டு 120 கோடி டாலருக்கு வாங்கியதன் மூலம் எச்பிக்குக் கிடைத்த வெப்ஓஎஸ் இயங்குதளம் உண்மையிலேயே அழகானது. திறந்திருக்கும் செயலிகளைச் சீட்டுகளைப் போலப் பரப்பி வைத்து, வேண்டாததை மேலே தள்ளி மூடும் முறையை அதிலிருந்துதான் பிற்பாடு மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து. ஆனால் கருவி கனமாக இருந்தது, தடுமாறியது, செயலிகளும் குறைவு. ஏழே வாரங்களில், ஆகஸ்ட் 18 அன்று, எச்பி அதைக் கைவிடுவதாக அறிவித்தது.

மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி 2012 அக்டோபரில் வந்தது. மீண்டும் 499 டாலர். விண்டோஸ் போலவே தோன்றிய அந்தத் திரையில் பழைய விண்டோஸ் மென்பொருள்கள் எவையும் இயங்கவில்லை. 2013 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இதற்காக எழுதிய நட்டம் 90 கோடி டாலர்.

நான்கு கருவிகளிலும் ஏதோ ஒன்று ஐபேடைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் அதே தொகையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைபவர், அறிந்த ஒன்றை விட்டுவிட்டு அறியாத ஒன்றை எடுக்க வேண்டுமென்றால், அந்த மேன்மை அவர் ஒவ்வொரு நாளும் உணரக்கூடியதாக இருந்தாக வேண்டும். கூடுதல் கேமராவும் கூடுதல் துளையும் அப்படிப்பட்டவை அல்ல.

அப்படியானால் விலையைக் குறைப்பதுதான் ஒரே வழியா?

டச்பேட் கைவிடப்பட்டவுடன் நடந்ததைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மிஞ்சிய சரக்கை எச்பி 99 டாலருக்கு அள்ளிவிட்டபோது, ஏழு வாரங்களாக அலமாரியில் தூங்கிய கருவிக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். இணையக் கடைகள் திணறின. ஆப்பிள் அல்லாத டேப்லெட்டை வாங்க ஆள் இல்லை என்று அதுவரை சொல்லப்பட்டது பொய் என்பது ஒரே வாரக் கடைசியில் தெரிந்தது. ஆனால் விற்ற ஒவ்வொரு கருவியிலும் எச்பிக்கு நட்டம். விலையைக் குறைத்த பிறகு, அந்தப் பணம் வேறு எங்கிருந்தாவது திரும்ப வர வேண்டும். எச்பியிடம் அந்த வேறு இடம் இல்லை.

அமேசானிடம் இருந்தது. 2011 நவம்பரில் 199 டாலருக்கு வந்த கிண்டில் ஃபயர், ஐபேடின் பாதி விலைகூட இல்லை. ஏழு அங்குலத் திரை, கேமரா கிடையாது, ஒலிவாங்கி கிடையாது, கூகுளின் செயலிக் கடையும் கிடையாது. ஒரு கருவியாக அதைப் புகழ என்னால் முடியவில்லை. ஆனால் அது நூலும் திரைப்படமும் பாடலும் விற்கும் கடையின் வாசற்படி. கருவியை வாங்கும்போது அல்ல, அதைப் பயன்படுத்தும்போதுதான் தாங்கள் சம்பாதிக்க விரும்புவதாக அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2012இல் வெளிப்படையாகவே சொன்னார். 2014இல் குழந்தைகளுக்கான பதிப்பு வந்தது: கெட்டியான உறையோடு, இரண்டு ஆண்டுகளுக்குள் எப்படி உடைந்தாலும் மாற்றித் தருவோம் என்ற உறுதியோடு. 2015இல் விலை 50 டாலர் வரை இறங்கியது. ஐந்து வாங்கினால் ஆறாவது இலவசம் என்று, ஏதோ மளிகைச் சரக்கைப் போல விற்றார்கள். ஐபேடோடு ஒப்பிட்டு யாரும் அதை வாங்கவில்லை. குழந்தை கீழே போட்டு உடைத்தால் வயிற்றெரிச்சல் இல்லாத டேப்லெட் எது என்ற கேள்விக்கு அது விடையாக இருந்தது. ஐபேட் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயலவே இல்லை.

கூகுளின் நெக்சஸ் 7 பெரிதாகப் பேசப்பட்டதே, அது என்ன ஆயிற்று?

அசூஸ் தயாரிப்பில் 2012 ஜூனில் 199 டாலருக்கு அறிவிக்கப்பட்ட அந்தக் கருவி, மலிவான டேப்லெட் மட்டமாக இருக்க வேண்டியதில்லை என்பதை முதன்முதலில் மெய்ப்பித்தது. கூகுள் தன் இணையக் கடையில் அதை ஏறத்தாழ அடக்க விலைக்கே விற்றது. 2013இல் வந்த இரண்டாம் பதிப்பு இன்னும் கூர்மையான திரையோடு 229 டாலருக்குக் கிடைத்தது; அந்த அளவில் அன்றைக்கு அதைவிட நல்ல கருவி இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பிறகு கூகுளின் கவனம் கலைந்தது. ஒன்பது அங்குலம், பத்து அங்குலம், விசைப்பலகையோடு ஒன்று, வேறு இயங்குதளத்தோடு ஒன்று எனத் திசை மாறிக்கொண்டே போய், 2019இல் இனி டேப்லெட் தயாரிப்பதில்லை என்று அறிவித்து, 2023இல் பிக்சல் டேப்லெட்டோடு திரும்பி வந்தது. பெரிய திரைக்கென்றே ஆண்ட்ராய்டை மறுபடி சீர்செய்த 12எல் பதிப்பு வந்தது 2022இல். சூம் வந்து பதினொரு ஆண்டுகள் கழித்து. பின்னால் ஓடுபவருக்குப் பணமும் திறமையும் இருந்தும் பொறுமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் எண்ணிக்கையில் ஐபேடை முந்திவிட்டன என்கிறார்களே?

ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால், 2013இலேயே முந்திவிட்டன. தனித்தனி நிறுவனமாகப் பார்த்தால் ஆப்பிள்தான் முதலிடம், அடுத்து சாம்சங். இரண்டு கணக்குகளும் சரியானவையே. எந்தக் கணக்கு உங்களுக்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஒரு செயலியை உருவாக்குபவருக்கு மூன்றாவது எண் ஒன்று முக்கியம்: பணம் கொடுத்துச் செயலி வாங்குபவர்கள் எந்தப் பக்கம் அதிகம் என்பது. அதில் ஐபேடின் பக்கமே தட்டு தாழ்ந்திருந்தது.

செயலிகளைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? உலாவி ஒன்று இருந்தால் போதாதா?

படிக்கவும் படம் பார்க்கவும் மட்டும் என்றால் ஏறத்தாழ போதும். அதற்கு மேல் போனால் போதாது. தொலைபேசிச் செயலியை அப்படியே இழுத்து நீட்டினால், பத்து அங்குலத் திரையின் இடது ஓரத்தில் நான்கு சொற்களும் வலப்புறம் முழுக்க வெள்ளை வெளியும் கிடைக்கும். பெரிய திரைக்காக ஒரு செயலியைத் திருத்தி எழுத உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்கு ஈடாக வாங்குபவர்கள் வேண்டும். வாங்குபவர்களோ செயலி இருந்தால்தான் வருவார்கள். 2011 மார்ச்சில் ஐபேடுக்கென்றே எழுதப்பட்ட செயலிகள் 65,000 என்றும், ஆண்ட்ராய்டு 3.0க்கு எழுதப்பட்டவை அதிகம் போனால் நூறு என்றும் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் சொன்னார். போட்டியாளரைப் பற்றிப் போட்டியாளர் சொன்ன கணக்கு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், இடைவெளி பெரிது.

இந்த வட்டத்தை உடைக்க எனக்குத் தெரிந்து இரண்டு வழிகளே உண்டு. முதலாவது, ஏற்கெனவே செயலிகள் உள்ள ஓர் இயங்குதளத்தில் ஏறிக்கொள்வது. சர்ஃபேஸ் ஆர்டி தோற்ற இடத்தில், முழு விண்டோஸை இயக்கிய சர்ஃபேஸ் புரோ வரிசை நிலைத்தது இதனால்தான். இரண்டாவது, வெளிச் செயலியே தேவைப்படாத ஒரே வேலையைச் செய்வது.

அப்படி ஒரே வேலையைச் செய்து வென்ற டேப்லெட் உண்டா?

நார்வேயைச் சேர்ந்த ரீமார்க்கபிள் 2017இல் வெளியிட்ட கருவியைச் சொல்லலாம். அச்சிட்ட தாளைப் போலத் தோன்றும் மின்மைத் (இ-இங்க்) திரை, கறுப்பு வெள்ளை, ஒரு பேனா, அவ்வளவுதான். செயலிக் கடை இல்லை, உலாவி இல்லை, அஞ்சல் பெட்டி இல்லை. எழுதுவதற்கும் படிப்பதற்கும் மட்டுமான தாள் அது. இல்லாதவற்றையே சிறப்பாகச் சொல்லி விற்க முடிந்தது, ஏனென்றால் ஐபேடால் செய்ய முடியாத ஒன்றே ஒன்று, தன்னிடம் உள்ளவற்றை எல்லாம் எடுத்துப் போடுவது.

சிறு நிறுவனம் இந்தச் சந்தையில் இறங்குவது அறிவுடைமையா?

பொதுவான டேப்லெட்டோடு என்றால், இல்லை. பின்லாந்தின் யோல்லா நிறுவனம் 2014 நவம்பரில் பொதுமக்களிடம் நிதி திரட்டி, தன் சொந்த செயில்ஃபிஷ் இயங்குதளத்தோடு ஒரு டேப்லெட்டைத் தருவதாகச் சொன்னது. கேட்ட தொகையைப் போலப் பல மடங்கு குவிந்தது. ஆனால் எதிர்பார்த்த முதலீடு 2015இன் இறுதியில் தள்ளிப்போக, ஆட்குறைப்பு வந்தது. பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கருவியைக் கண்ணால் பார்க்கவில்லை. திரையும் சிப்பும் வாங்குவதற்கான பணம், விற்பனைப் பணம் கைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே வெளியே போய்விடும். அந்த மாதங்களைத் தாண்ட முடியாதவருக்கு இயங்குதளம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

பின்னால் வந்தவர் முன்னால் இருப்பவரை மாற்றியதுண்டா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஏனென்றால், விற்பனை எண்ணிக்கையில் தோற்றவர்கள் வேறொரு கணக்கில் வென்றிருப்பது இங்கேதான் தெரியும்.

சாம்சங் 2010இல் ஏழு அங்குல கேலக்சி டேபைக் கொண்டுவந்தபோது, ஏழு அங்குலக் கருவிகள் பிறக்கும்போதே இறந்தவை என்றும், விரலைத் தேய்த்துச் சிறிதாக்கிக்கொள்ள உப்புத்தாளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் ஜாப்ஸ் கிண்டல் செய்தார். ஆனால் 2011 ஜனவரியிலேயே ஆப்பிளின் உயர் அதிகாரி எட்டி கியூ, ஏழு அங்குலத்துக்கு ஒரு சந்தை உண்டு, நாமும் ஒன்று செய்ய வேண்டும் என்று உள்ளுக்குள் மின்னஞ்சல் எழுதியிருந்தார். சாம்சங்கோடு நடந்த காப்புரிமை வழக்கில், 2012இல், அது வெளியே வந்தது. அதே ஆண்டு நவம்பரில் 7.9 அங்குல ஐபேட் மினி கடைக்கு வந்தது.

பேனாவின் கதையும் இதுவே. டேப்லெட்டையும் மடிக்கணினியையும் ஒன்றாக்குவது, ரொட்டி வாட்டியையும் குளிர்சாதனப் பெட்டியையும் ஒட்டவைப்பதைப் போன்றது என்று ஆப்பிளின் அன்றைய தலைமை அதிகாரி டிம் குக் 2012இல் சொன்னார். மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரை இழந்த பிறகும் விடாமல், 2014இல் பேனாவோடு பன்னிரண்டு அங்குல சர்ஃபேஸ் புரோ 3ஐ விற்றது; கழற்றி மாட்டும் விசைப்பலகைக்குத் தனி விலை. 2015இல் வந்த ஐபேட் புரோவுக்கு ஆப்பிள் பென்சிலும் கழற்றி மாட்டும் விசைப்பலகையும் தனியாக விற்கப்பட்டன. 2020 மார்ச்சில் வந்த புதுப்பிப்போடு ஐபேடில் சுட்டியையும் முறையாகப் பயன்படுத்த முடிந்தது. ரொட்டி வாட்டி குளிர்சாதனப் பெட்டிக்குள் வந்து சேர எட்டு ஆண்டுகள் ஆயின.

காப்புரிமை வழக்குகள் சிறியவர்களை நசுக்கவில்லையா?

கொஞ்ச காலம் தொல்லை கொடுத்தன. 2011இல் ஜெர்மனியில் கேலக்சி டேப் 10.1இன் விற்பனைக்கே தடை விதிக்கப்பட்டது. எதிர்மாறான தீர்ப்பும் உண்டு. 2012 ஜூலையில் இலண்டன் நீதிமன்றம், சாம்சங் டேப்லெட் ஆப்பிளின் வடிவமைப்பை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. அதற்கு நீதிபதி சொன்ன காரணம், சாம்சங்கின் கருவி அந்த அளவுக்கு எடுப்பாக இல்லை என்பது. அப்படி ஒரு வெற்றியைச் சாம்சங் எப்படிக் கொண்டாடியது என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு.

வாங்குபவர் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?

வன்பொருள் பட்டியலைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, நிறுவனம் எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தருவதாக எழுத்தில் சொல்லியிருக்கிறது என்பதும், தன் முந்தைய கருவிகளுக்கு அந்தச் சொல்லைக் காப்பாற்றியதா என்பதும். 2011இல் சில வார இடைவெளியில் வந்த இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: சூம் ஆண்ட்ராய்டு 4.1 பதிப்போடு, அதாவது 2012இல், நின்றுவிட்டது. ஐபேட் 2 அதன் பிறகும், 2016 வரை, வழக்கமான புதுப்பிப்புகளைப் பெற்றது. வாங்கிய நாளில் பட்டியலில் சூம்தான் பல வரிகளில் முன்னே நின்றது.

அடுத்து, நீங்கள் அன்றாடம் திறக்கப்போகும் மூன்று நான்கு செயலிகளை மட்டும் கடையில் இருக்கும் கருவியிலேயே திறந்து பாருங்கள். அவை பெரிய திரைக்காக எழுதப்பட்டவையா, நீட்டப்பட்டவையா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பேனா தேவையென்றால் அது பெட்டிக்குள் வருகிறதா, தனி விலையா என்று கேளுங்கள். சாம்சங்கின் உயர்நிலை டேப்லெட்டுகளில் பல பேனாவோடே வருவதால், ஐபேடுக்குப் பென்சிலையும் சேர்த்துக் கூட்டினால் விலை ஒப்பீடு தலைகீழாகக்கூடும். உதிரித் திரையும் உறையும் எளிதில் கிடைக்குமா என்பதையும் விசாரிப்பது நல்லது.

வாங்கிய பிறகு நிறுவனம் கருவியைக் கைவிட்டால் என்ன ஆகும்?

அன்று மாலையே ஒன்றும் ஆகாது. கருவி வழக்கம்போல் இயங்கும். முதலில் செயலிகளின் புதிய பதிப்புகள் வராமல் போகும், பிறகு உலாவியில் சில தளங்கள் திறக்க மறுக்கும், கடைசியில் நிறுவனத்தின் சேவையகம் அணைக்கப்பட்டால் பழைய செயலிகளைக்கூட மீண்டும் நிறுவ முடியாது. வேறு இயங்குதளத்தை ஏற்ற விடும், அதாவது பூட்டு திறக்கக்கூடிய, கருவியாக இருந்தால் ஆர்வலர்கள் உயிர் கொடுப்பார்கள்: டச்பேட் கைவிடப்பட்ட இரண்டே மாதத்தில் அதில் ஆண்ட்ராய்டை இயக்கும் சயனோஜென்மாட் பதிப்பு வெளிவந்தது, 99 டாலருக்கு வாங்கியவர்கள் அதை வைத்துப் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். அதன் சொந்த இயங்குதளமான வெப்ஓஎஸை 2013இல் எல்ஜி வாங்கிக்கொண்டது; இப்போது அது அந்த நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஓடுகிறது.